வாய் திறக்காத வியாழக்கிழமைகள்

ஜூன் 2, செவ்வாய்

இன்று சிலிண்டர் மாற்றியாயிற்று. போன தடவையைவிட ஒரு வாரம் கூடுதலாக வந்திருக்கிறது. பயறு வகைகளை முன்கூட்டியே ஊறப்போட்டதன் பலன். அவரிடம் சொன்னேன். “ம்” என்றார். இந்த வீட்டில் மிச்சம் பிடித்தால் “ம்”, செலவு வைத்தால் “ஐயோ”.

பாப்பாவுக்கு வாய் நீண்டுவிட்டது. மணி ஒன்பதாகப் போகிறது, படு என்று அவர் சொன்னதற்கு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “ஆறு சொன்னதா, நீங்க சொன்னீங்களா?” என்று கேட்கிறாள். சனிக்கிழமைப் படத்தில் வரும் வசனமாம். அவர் அசரவில்லை. “ஆறும் சொல்லல, ஏழும் சொல்லல, ஒன்பது சொல்லுது. போய்ப் படு.”

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

ஜூன் 4, வியாழன்

எங்கள் வியாழக்கிழமைப் பிரார்த்தனைக் கூடத்தில் ஒரே களேபரம்.

தலைவியக்காவின் கடைசி மகள், பாப்பா வகுப்புதான், நாங்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த நேரத்தில் வந்து அம்மா தோளைத் தட்டியிருக்கிறாள். இந்த நேரத்தில் வெளியே போய் விளையாடக் கூடாது என்று கடவுள் சொல்லியிருக்கிறார் என்றாராம் அக்கா. அதற்கு அது, அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி, “கடவுள் சொன்னாரா, நீங்க சொன்னீங்களா?”

யாரோ களுக்கென்றார்கள். தையல்காரக்காவாகத்தான் இருக்கும்.

அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கீழ் அறையில் நூலகக்காரப் பெண் சனிக்கிழமை தோறும் பிள்ளைகளுக்குப் போடுகிறாளே, “ஏழு மடை” என்று ஒரு பொம்மைப் படத் தொடர், அதை நிறுத்தியே ஆக வேண்டும் என்றார். அதில் வெள்ளை அங்கி போட்ட ஒரு குருதான் வில்லனாம். பக்தியைக் கேலி செய்கிறார்களாம், அரசியல் பேசுகிறார்களாம். வேறு நல்ல படம் போடு என்று அக்கா ஏற்கனவே சொல்லியிருக்கிறார். அந்தப் பெண், பாதிக் கதையில் நிறுத்திப் பிள்ளைகளை ஏமாற்ற மாட்டேன் என்றாளாம். அப்படியானால் அறை கிடையாது என்கிறார் அக்கா. அறை கூடத்துடையது.

ஆனால் ஒருவரும் தொடரை முழுதாகப் பார்த்ததில்லை. யாராவது பார்த்துக் குற்றங்களை எழுதித் தர வேண்டும். கூடத்துக் கணக்கை எழுதுகிறவள் என்று அக்கா என்னைக் காட்டினார். “இவ எழுதினா அரைக்கரண்டி உப்புகூட விட்டுப் போகாது.”

தட்ட முடியுமா? எனக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது மூன்று வாரம் எங்கள் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர் அவர்.

இறங்கும்போது, புதிதாகச் சேர்ந்த டாக்டர் வீட்டம்மா கேட்டார், இங்கே கை தூக்கி முடிவெடுப்பதில்லையா என்று. இல்லை என்றேன். பேசி முடித்ததும் நிறைவுப் பாட்டு. எல்லோரும் பாடினால் எல்லோருக்கும் சம்மதம். ஒரு வாய் மூடியிருந்தாலும் விஷயம் அடுத்த வியாழனுக்குத் தள்ளிப் போகும். கூடத்தைக் கட்டியவர்கள் வைத்த முறை. “யாராவது மூடியிருக்காங்களா?” என்றார். நான் சேர்ந்ததிலிருந்து கிடையாது. பாட்டை ஆரம்பிப்பதே நான்தான், எனக்குத் தெரியாதா?

ஜூன் 7, ஞாயிறு

நூலகக்காரப் பெண்ணிடம் போய் நின்றேன். வாதாடுவாள் என்று நினைத்தேன். முழுத் தொடரும் இருக்கிற பென் டிரைவை எடுத்துக் கொடுத்து, “முழுசா பாருங்கக்கா, அது போதும்” என்றாள். பிள்ளைகள் இன்னும் பாதியைத் தாண்டவில்லை. பாப்பா பார்த்துவிடாமல் அவள் பள்ளிக்கோ விளையாடவோ போன நேரத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். இன்று அவள் விளையாடப் போனதும் ஆரம்பித்தேன்.

பற்று, வரவு என்று கோடு போட்டு வைத்துக்கொண்டேன். குற்றம் பற்றில். நல்லது ஏதாவது இருந்தால் வரவில். ஐந்தாம் வகுப்போடு பள்ளி நின்றவளுக்கு, என் வீட்டுக்காரருடைய பழைய கணக்குப்பதிவுப் புத்தகம் சொல்லிக் கொடுத்த ஒரே வித்தை இதுதான். எதையும் ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அது கணக்கில்லை.

கதை இதுதான். ஒரு பெரிய ஆறு. அதன் குறுக்கே ஏழு மடைகள். மடைக்கு ஒரு ஊர், ஊருக்கு ஒரு சட்டம். ஓட்டைப்பல் என்று ஒரு பெண், அவள் தம்பி, ஒரு வாத்து. துணி துவைக்கும் தொட்டியைப் படகாக்கிக்கொண்டு கடலைப் பார்க்கப் புறப்படுகிறார்கள். ஒவ்வொரு மடையிலும் யாராவது தடுக்கிறார்கள். தடுப்பவர் சொல்வது ஒன்றுதான்: இது ஆற்றின் கட்டளை. அதற்குத்தான் அந்தக் கேள்வி.

முதல் பற்று: வாத்து திருடுகிறது. கண்டிப்பவர் யாருமில்லை.

ஜூன் 9, செவ்வாய்

பற்று: காவல்காரனிடம் பொய் சொல்கிறார்கள். பற்று: பெரியவர்களை “யோவ்” என்கிறான் தம்பி. வரவு: காலையில் எழுந்ததும் மூன்றும் ஆற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கின்றன, வாத்து உட்பட.

அவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர், நான் டிவி முன்னால் பேனாவோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, “எங்க பணிமனைக்கு வர்ற ஆடிட்டரே இவ்வளவு முறைச்சுப் பாக்க மாட்டார். பாவம் அந்த வாத்து” என்றார்.

ஜூன் 11, வியாழன்

கூடத்தில் இன்னும் முடியவில்லை என்று ஒரு வாரம் தவணை வாங்கினேன்.

இரண்டாம் மடை ஊரில் பாலத்தில் நடக்கச் செருப்பு வேண்டும். செருப்பு தைக்கிற கூடம் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வெறுங்காலோடு இருப்பவன் போய் வாங்கவே முடியாது. கொஞ்ச நேரம் படத்தை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ரேஷன் அட்டைக்கு முகவரிச் சான்று கேட்டார்கள், முகவரிச் சான்றுக்கு ரேஷன் அட்டை கேட்டார்கள். எத்தனை நாள் அலைந்தோம்.

நான்காம் மடையில் தினமும் தேர்தல். யார் அதிகம் கத்துகிறாரோ அவர் அன்றைக்குத் தலைவர். தொண்டை கட்டியவர்களுக்கு ஓட்டு இல்லை. பிள்ளைகளுக்கு வெறும் சிரிப்பு. எனக்குச் சிரிப்போடு வேறு ஏதோ.

இதை எந்தப் பக்கம் எழுத? அரசியல்தான். சந்தேகமில்லை. ஆனால் பொய்யா?

ஜூன் 13, சனி

மணி ஊர் வந்துவிட்டது. ஆறாம் மடை. அக்கா சொன்ன வெள்ளை அங்கிக் குரு இங்கேதான் வருகிறார்.

மாலையானால் ஆறு பேர் ஆறு மணிக்கயிற்றைச் சேர்ந்து இழுக்க வேண்டும். ஆறு மணியும் சேர்ந்து ஒலித்தால்தான் மடை மூடும். மூடினால் மேட்டுத் தெருக்களின் குளங்கள் நிறையும், பள்ளத்துத் தெருக்களில் குழாய் காயும். ஆற்றுக்கும் தூக்கம் வேண்டும், அதனால் மூடுகிறோம் என்கிறார் குரு. ஊரும் நம்புகிறது. மணிக்காரன் ஒருவன் நோயில் விழ, அவன் மகள் கயிற்றுக்கு வருகிறாள். பள்ளத்துத் தெருவில் ஒரு குழந்தை காலிப் பாத்திரத்தை நக்குவதைப் பார்த்துவிட்டு வந்தவள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இழுக்கவில்லை. திட்டவில்லை, அழவில்லை, ஓடவும் இல்லை. சும்மா நிற்கிறாள்.

பற்றில் எழுதினேன்: “பெரியவர்கள் இட்ட பணியைச் செய்ய மறுத்தல். பிள்ளைகளுக்குத் தவறான முன்மாதிரி.”

எழுதிவிட்டேன். கை எழுதியது.

ஜூன் 16, செவ்வாய்

படிக்கட்டில் சலவைக்கூடத்துப் பெண்ணைப் பார்த்தேன். பாப்பாவோடு சனிக்கிழமை படம் பார்க்க வருகிற இரட்டைப் பிள்ளைகளின் அம்மா. விஷயம் அவள் காதுக்கும் போயிருக்கிறது. சனிக்கிழமைதான் அவர்களுக்கு வேலை அதிகம், விடுதிகளிலிருந்து வண்டி வண்டியாகத் துணி வரும். கீழ் அறையில் படம் போடத் தொடங்குவதற்கு முன்பெல்லாம் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவாளாம். ஒருநாள் அடுப்பங்கரையில் புகை வந்திருக்கிறது. அக்கம்பக்கத்தார் பூட்டை உடைத்தார்கள்.

“படம் நல்லதோ கெட்டதோ எனக்குத் தெரியாதுக்கா” என்றாள். “திரும்ப அந்தப் பூட்ட என் கையால போட வெச்சிடாதீங்க. அது போதும்.”

நான் என்ன, முடிவெடுப்பவளா? எழுதித் தருபவள். அப்படித்தான் சொன்னேன். சொன்னபோது எனக்கே நன்றாக இல்லை.

ஜூன் 17, புதன்

முடித்தேன். முதல் பக்கம் பற்று, இரண்டாம் பக்கம் வரவு. இரண்டும் நிறைந்துவிட்டது.

கடைசியில் சில வரிகள் சேர்த்தேன். நான்கு முறை அடித்து எழுதினேன்: “தொடர் முழுவதிலும் ஆற்றை ஓரிடத்திலும் பழிக்கவில்லை. ஆற்றின் பெயரைச் சொல்லி மடையை மூடுகிறவர்களைத்தான் கேள்வி கேட்கிறது. என் சிறிய அறிவுக்கு இது பக்திக்கு விரோதமாகத் தெரியவில்லை. திருட்டு வாத்தைக் கண்டித்துவிட்டுத் தொடரைத் தொடரலாம்.”

விளக்கின் முன்னால் வைத்து எடுத்தேன். மனசு நிம்மதி.

ஜூன் 18, வியாழன்

எப்படி எழுதுவது. எழுதுகிறேன்.

தாளை அக்காவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் பக்கத்தை வாசித்தார். நல்ல குரல், நிறுத்தி நிறுத்தி. திருட்டு. பொய். மரியாதைக் குறைவு. கீழ்ப்படியாமை. ஒவ்வொன்றுக்கும் “அடப்பாவமே” என்று ஒரு முனகல் எழுந்தது. தாளைத் திருப்புவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். திருப்பினார். பார்த்தார். நன்றாகப் பார்த்தார், அந்தக் கடைசி வரி வரைக்கும் கண் போனதை நான் பார்த்தேன். பிறகு நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“நம்ம கணக்குக்காரியே இத்தனை குற்றம் எழுதியிருக்கா. இதுக்கு மேல என்ன பேச்சு? அடுத்த மாசத்திலேர்ந்து அறை இல்லை. பாட்ட எடும்மா.”

எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.

வாய் வரவில்லை. சத்தியமாக நான் யோசித்துச் செய்ததில்லை இது. அந்தப் பாட்டின் கடைசி அடி என்ன? “ஒரே மனதாய் உன்முன் நிற்கிறோம்.” எத்தனை வருஷமாகப் பாடுகிறேன், ஒரு நாளும் அது பொய்யாக இருந்ததில்லை. இன்று நான் அதைப் பாடினால் யார் முன்னால் பொய் சொல்கிறேன்? அக்கா முன்னாலா?

தொண்டை கட்டிக்கொண்டதா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவரே ஆரம்பித்தார். எல்லோரும் பாடினார்கள். நான் கைகூப்பிக்கொண்டு நின்றேன். பாட்டு முடிந்தது. டாக்டர் வீட்டம்மாதான், புதியவர் ஆயிற்றே, வெள்ளந்தியாகச் சொன்னார்: “அப்ப இது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போகுது, இல்லையா?”

வீடு வந்தேன். அரிசியில் தண்ணீர் வைக்க மறந்து அடுப்பேற்றிவிட்டேன். பானை கறுத்துப் போயிற்று.

ஜூன் 19, வெள்ளி

பானையைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. மணிக்காரன் மகள். முதல் பக்கத்தில் நானே குற்றமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 22, திங்கள்

அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். நாற்காலியில் உட்காரவில்லை, அடுக்களை வாசலில் நின்றுகொண்டே பேசினார். கோபமாக வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“ஒரு பொம்மைப் படத்துக்காக நம்ம பாட்ட நிறுத்துவியாடி?”

“படத்துக்காக இல்லக்கா. நான் எழுதினது ரெண்டு பக்கம். நீங்க வாசிச்சது ஒண்ணு.”

அக்கா தன் மூத்த மகனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவனும் இப்படித்தான், ஏன் எதற்கு என்று கேட்டுக் கேட்டே ஒருநாள் வீட்டை விட்டுப் போனான். இப்போது போன்கூடக் கிடையாது. “இப்ப சின்னவளும் கேக்க ஆரம்பிச்சிட்டா. எனக்குப் பயமா இருக்கு. உனக்கு ஒண்ணே ஒண்ணு, உனக்குப் புரியாதா?”

புரிந்தது. அதனால்தான் இரண்டு பேரும் அழுதோம். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வியாழன் பாடுவாயா என்றபோது, மாட்டேன் என்றேன். மூத்தவன் கேள்வி கேட்டதால் போனானா, பதில் கிடைக்காததால் போனானா என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. எல்லா உண்மையையும் எல்லா நேரத்திலும் சொல்ல வேண்டியதில்லை.

வாங்கிவந்த பழத்தை வைத்துவிட்டுத்தான் போனார்.

ஜூன் 25, வியாழன்

இன்றும் பாடவில்லை. இந்தத் தடவை அரிசியில் தண்ணீர் வைக்க மறக்கவில்லை.

படிக்கட்டில் இரண்டு பேர் நான் கேட்கிற மாதிரி, “சில பேருக்குக் குரல் இருந்தா கொம்பு முளைச்சிடும்” என்றார்கள். கேட்காத மாதிரி செருப்பை மாட்டினேன்.

ஜூன் 28, ஞாயிறு

கொம்பு முளைத்துவிட்டதா? நாள் முழுக்க இதே கேள்வி. பிடிவாதமா, நியாயமா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதானே நிற்கும்.

கொடியில் துணி காயப்போடும்போது யாருமில்லை. மெல்லப் பாடிப் பார்த்தேன். கடைசி அடிக்கு முன்னால் நின்றுவிட்டேன். நான் தனியாக இருக்கும்போதும் அந்த அடி பொய்யாகத்தான் இருக்கிறது. அப்படியானால் இது அக்காவுக்காகப் போடும் நாடகமில்லை. தெளிந்தது. நிற்பேன்.

ஜூலை 2, வியாழன்

அக்கா இன்று வேறு வழி பார்த்தார். பாட்டை ஆரம்பிக்கிறவள் பாடாமல் நிற்பது கூடத்துக்கு அழகில்லை, அதனால் பெரிய பாட்டுப் புத்தகத்தை டாக்டர் வீட்டம்மாவிடம் கொடுத்துவிடு என்றார். அதுவும் முறைதான். கொடுத்தேன். அட்டை கிழிந்தபோதெல்லாம் நான் ஒட்டிய புத்தகம். முன்வரிசையிலிருந்து எழுந்து பின்னால் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன்.

டாக்டர் வீட்டம்மா சுருதியை மிக மேலே எடுத்துவிட்டார். பாதிப் பேருக்கு எட்டவில்லை. அந்தக் குழப்பத்திலும் என் வாய் மூடியிருந்ததை அக்கா பார்த்தார். பார்த்தவர் முகம் மாறியது, ஏனென்றால் எனக்குப் பக்கத்தில் தையல்காரக்காவும் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

“உனக்கென்னடி?” என்றார் அக்கா.

“எனக்கா? அந்த ரெண்டாம் பக்கத்தில என்ன இருக்குன்னு தெரியாம தூக்கமே வரலக்கா. தூக்கமில்லாதவளுக்குப் பாட்டு எங்கேர்ந்து வரும்?”

சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்காமல் அக்காவின் பையைப் பார்த்தார்கள்.

ஜூலை 4, சனி

பாப்பா கேட்டாள்: “அம்மா, நீங்க கூடத்துல சண்டை போட்டீங்களா?” இல்லை, பாடவில்லை, அவ்வளவுதான் என்றேன். “ஏன்?” என்றாள்.

வேலை கிடக்கிறது போ என்று வாய் வரைக்கும் வந்தது. பிடித்து உட்காரவைத்து முழுதாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்ப வாத்து திருடறது தப்புன்னு எழுதினீங்களா?” என்று முகத்தைத் தூக்கிக்கொண்டாள். தப்புதான். அதில் மாற்றமில்லை.

ஜூலை 9, வியாழன்

இன்று வாயை மூடிக்கொண்டவர்கள் ஐந்து பேர். நானாகப் போய் ஒருவரிடமும் பேசவில்லை. இது எழுதப்பட வேண்டும்.

நான்கு வாரமாகத் தள்ளிப் போகிறது. அக்கா பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. இவ்வளவு நாளும் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார், எறியவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டாம் பக்கத்தை வாசித்தார். அதே நல்ல குரல். கடைசி வரிகளில் மட்டும் கொஞ்சம் தடுக்கியது. வாத்து வந்ததும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அக்காவைத் தவிர.

“எனக்கு இன்னும் சம்மதமில்லை” என்றார். “ஆனா ரெண்டு பக்கமும் வாசிச்சாச்சு. அறை இருக்கட்டும். ஒண்ணு மட்டும், நம்ம ஆள் ஒருத்தர் சனிக்கிழமை உள்ள உக்காந்து பாக்கணும். நானே உக்காருவேன். அந்த நூலகக்காரப் பொண்ணு இஷ்டத்துக்கு விட முடியாது.”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பிள்ளைகள் பார்ப்பதைப் பெரியவர் ஒருவர் கூட இருந்து பார்ப்பதில் எனக்கு என்ன மறுப்பு? டாக்டர் வீட்டம்மா பாட்டை எடுத்தார். இன்றும் மேலேதான். எட்டியும் எட்டாமலும் நானும் பாடினேன், கடைசி அடி உட்பட.

புத்தகத்தைத் திருப்பித் தருவார்களோ என்று ஒரு நப்பாசை இருந்தது. தரவில்லை. கேட்கவில்லை.

ஜூலை 14, செவ்வாய்

சலவைக்கூடத்துப் பெண் தலையணை உறை இரண்டை வெளுத்து மடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் கொடுக்காத உறைகள். எப்போது கொடியிலிருந்து எடுத்தாள்?

ஆகஸ்ட் 1, சனி

புது மாதம். அறை திறந்திருந்தது.

பாப்பாவை விடப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இன்று பிள்ளைகளுக்கு மணி ஊர். அக்கா பின்வரிசையில், முதுகை நிமிர்த்திக்கொண்டு, பரீட்சை மேற்பார்வைக்கு வந்தவர் மாதிரி. என்னைப் பார்த்துப் பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உட்கார்ந்தேன். அவர் மகளும் எங்கள் பாப்பாவும் இரட்டைப் பிள்ளைகளும் முன்னால் தரையில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து கிடந்தார்கள்.

வெள்ளை அங்கிக் குரு வந்தபோது அக்கா உச்சுக் கொட்டினார். காலிப் பாத்திரம் வந்தபோது கொட்டவில்லை. மணிக்காரன் மகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதோடு இன்றைய பகுதி முடிந்துவிட்டது. பிள்ளைகள் “ஐயோ” என்றார்கள்.

அக்கா திரையைப் பார்த்தபடியே என் பக்கம் சாய்ந்தார்.

“இழுப்பாளா, மாட்டாளா?”

“பாத்தாத்தான் தெரியும்க்கா.”

“உனக்குத் தெரியும். சொல்ல மாட்டேங்கற.” கொஞ்சம் கழித்து, “எத்தனை நாள் இப்படியே நிப்பா அவ?”

“இன்னும் ரெண்டு பகுதி இருக்கு.”

“அப்ப அடுத்த வாரமும் வந்து தொலைக்கணும்” என்று எழுந்து, பிள்ளைகளைச் செருப்பைத் தேடச் சொல்லி அதட்டினார்.

வியாழக்கிழமைப் பாட்டை இப்போது டாக்டர் வீட்டம்மாதான் ஆரம்பிக்கிறார். சுருதி கொஞ்சம் இறங்கிவந்திருக்கிறது. நான் ஜன்னலோரத்திலிருந்து இரண்டாம் அடியில் சேர்ந்துகொள்கிறேன்.